பெரியமுத்துவின் பதினொரு டப்பாக்கள்

பெரியமுத்து வெறுங்காலோடு நடந்து எங்கள் எஸ்டேட்டில் யாரும் பார்த்ததில்லை. லாரி டயரை வெட்டி, சைக்கிள் டியூப்பை வாராகக் கட்டி, தானே செய்துகொண்ட செருப்பு அது. செடிகளைக் குட்டையாக வெட்டிவிடும் கவ்வாத்து நாட்களில் மற்ற ஆண்கள் ஈரமண்ணில் வெறுங்காலோடு நிற்பார்கள். அவர் மட்டும் தேயிலைச் செடிகளுக்கு இடையில் டப்பு டப்பென்று செருப்போடு போவார். மழைநாளில் செருப்பு சேற்றில் மாட்டிக்கொள்ளும். கத்தியைத் தோளில் மாட்டிக்கொண்டு குனிந்து, அதைப் பிடுங்கி, ஓடைத் தண்ணீரில் கழுவி, மறுபடி காலில் போட்டுக்கொள்வார். பக்கத்து மலையில் கொழுந்து எடுக்கும் பெண்கள், "மாப்பிள்ள ஊர்வலம் போகுதுடி, வழி விடுங்க" என்று கத்துவார்கள். அவர் திரும்பிப் பார்க்காமலே கையை உயர்த்தி ஆசீர்வாதம் செய்வார்.

அந்தச் செருப்புக்குக் காரணம் அவருடைய அம்மா. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து அந்தக் குடும்பம் மலைக்கு வந்தபோது அவருக்கு ஒன்பது வயது. வந்த மூன்றாம் வருடம் அம்மா வெளுத்துப் போனாள். உதடு, நகம், கண் எல்லாம் வெள்ளை. முகமும் காலும் வீங்கின. கொழுந்துக் கூடையோடு ஒருநாள் சரிவில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. மண்ணில் இருக்கும் கொக்கிப்புழு உள்ளங்கால் வழியாக ஏறி, குடலில் தங்கி, ரத்தத்தைக் குடித்துவிடும் என்று எஸ்டேட் ஆஸ்பத்திரியில் கட்டுப்போடும் ஆள் சொன்னான். அன்றிலிருந்து பெரியமுத்து செருப்பை விடவில்லை.

சின்னக்கானலிலிருந்து இரண்டு மைல் மேலே இருக்கிறது எங்கள் லயம். ஒரே கூரையின் கீழ் பன்னிரண்டு வீடுகள். பின்னால் ஒரு தண்ணீர்த் தொட்டி. ஓடையிலிருந்து தொட்டிக்கு வரும் குழாய் அடைத்துக்கொண்டால் யாரும் கம்பெனிக்குச் சொல்ல மாட்டார்கள், பெரியமுத்துவைத்தான் கூப்பிடுவார்கள். அவரும் அவர் மனைவி ராசம்மாளும் நான்காவது வீடு. ஒரே மகளைப் போடிக்குக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள்.

ஒவ்வொரு பங்குனியிலும் எஸ்டேட் ஆஸ்பத்திரியில் மலச் சோதனை நடக்கும். கம்பவுண்டர் மிக்கேல் லயம் லயமாக வந்து, ஆளுக்கொரு சின்னத் தகர டப்பா கொடுப்பார். மூடியில் செக்ரோல் என்கிற வேலைப் பதிவேட்டில் அந்த ஆளுக்குள்ள நம்பர் எழுதிய காகிதம் ஒட்டியிருக்கும். மறுநாள் காலையில் அதில் போட்டுக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். புழு இருந்தால் மருந்து. அந்த மருந்துக்குத்தான் எல்லோருக்கும் பயம். மண்ணெண்ணெய் மாதிரி நாற்றம். குடித்தால் தலை சுற்றும். பிறகு பேதி உப்புக் கரைசல் வேறு. ஒரு நாள் முழுக்க எழுந்து நிற்க முடியாது, அன்றைய பேரும், அதாவது கூலியும், போய்விடும்.

எத்தனை வருடமானாலும் பெரியமுத்துவின் சீட்டில் 'புழு இல்லை' என்றுதான் வரும். அந்தச் சீட்டுகளை அவர் தகரப் பெட்டியில் அடுக்கி வைத்திருந்தார். ஒரு வருடம் பக்கத்து வீட்டு ஆள் ஒருவருக்கு வயிற்று உபாதை, டப்பாவை நிரப்ப முடியவில்லை. "மச்சான், உங்களோடதுல கொஞ்சம் குடுங்க, சீட்டு சுத்தமா வரட்டும்" என்று விளையாட்டாகக் கேட்டார். பெரியமுத்துவும் விளையாட்டாகவே கொடுத்தார். அந்த ஆளுக்கும் 'புழு இல்லை' என்று வந்தது. அடுத்த வருடம் மூன்று பேர் கேட்டார்கள். அதற்கடுத்த வருடம் ஆறு பேர். பிறகு அது எங்கள் லயத்தின் வழக்கமாகிவிட்டது.

சோதனை நாள் விடியும்போது அவர் ஓடைப் பக்கம் போய், ஒரு சேம்பிலையில் எடுத்துக்கொண்டு வந்து, தொட்டிக்குப் பின்னால் வைப்பார். ஒவ்வொருவராக டப்பாவும் குச்சியுமாக வருவார்கள்.

"வரிசையா வாங்க, வரிசையா வாங்க. ரேசன் எல்லாருக்கும் உண்டு, தள்ளாதீங்க" என்பார் பெரியமுத்து.

"அண்ணே, உங்க வயித்துக்கு மட்டும் கம்பெனி தனியா ஒரு மெடல் குடுக்கணும்ணே" என்பாள் ஜானகியம்மாள்.

"மெடல எங்க தாயி குத்துறது? அதையும் நீயே சொல்லிரு."

மூக்கைப் பிடித்துக்கொண்டே எல்லோரும் சிரிப்பார்கள். இதில் ஒரு தப்பு இருப்பதாக அப்போது யாருக்கும் தோன்றவில்லை. மருந்திலிருந்து தப்பிக்கிறோம், அவ்வளவுதான்.

ஜானகியம்மாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். கடைசி வீட்டில் இருப்பவள். புருஷன் மரம் விழுந்து செத்துப்போனான். இரண்டு பிள்ளைகள். ஆறு வருடமாக டெம்பரவரி ஆளாகவே இருந்தாள். டெம்பரவரி என்றால் எப்போது வேண்டுமானாலும் நிறுத்திவிடலாம், நிறுத்தினால் வீட்டையும் காலி செய்ய வேண்டும். 1974 சித்திரையில் கொஞ்சம் பேரை நிரந்தரமாக்கப் போவதாகவும், அந்தப் பட்டியலில் அவள் பேர் இருப்பதாகவும் பேச்சு இருந்தது. எங்கள் லயத்தில் அவளைப் போல இன்னும் மூன்று பேர் அந்தப் பட்டியலுக்குக் காத்திருந்தார்கள்.

அந்த வருடம்தான் புது டாக்டர் வந்தார். படிப்பு முடித்து நேராக மலைக்கு வந்த இளம் வயதுக்காரர், கீழ்நாட்டு மலையாளி. ஒருநாள் காலையில் ஆட்கள் வேலைக்குப் பேர் கொடுக்க நிற்கும் இடத்துக்கே வந்துவிட்டார். தமிழும் மலையாளமும் கலந்து பேசினார்.

"இந்த வர்ஷம் புழு மட்டும் இல்லா. ரத்தமும் நோக்கும்" என்றார். "கண்ணுக்குத் தெரியாத ரத்தம். குடல்ல உள்ளே சின்னதா ஒரு கட்டி வரும். வலி இல்லா, ஒண்ணும் இல்லா. துளித் துளியா ரத்தம் மட்டும் போகும். அப்போழ் கண்டு பிடிச்சா, அந்த பாகம் வெட்டி எடுத்து ஆளை ரட்சிக்கலாம். வலி வந்து, வயிறு வீங்கி என்கிட்ட வந்தா, பின்னெ நான் என்ன செய்யட்டும்?"

புழு இருக்கிற டப்பாவில் ரத்தம் இருந்தால் அது புழுவால் வந்ததாக இருக்கும், அதனால் புழு இல்லாத டப்பாக்களில் மட்டும் ரத்தம் பார்ப்பதாகவும் சொன்னார். ஒரு காகிதத்தில் தடவி, மேலே மருந்துத் துளி விட்டால், ரத்தம் இருந்தால் நீலமாக மாறும். புழு இல்லாமல் நீலம் வந்தால் அந்த ஆளை உடனே கோட்டயம் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். மூன்று நாளைக்கு யாரும் இறைச்சி சாப்பிடக்கூடாது, ஆட்டு ரத்தமும் நீலம் காட்டும் என்று கடைசியாகச் சொன்னார்.

ஆனால் அந்த வாரம்தான் மாரியம்மன் பொங்கல். லயத்தில் கிடா வெட்டினார்கள். யார் சாப்பிடாமல் இருப்பார்கள்? பெரியமுத்துவும் சாப்பிட்டார். சாப்பிட்ட மறுநாள் காலையில் வழக்கம்போலத் தொட்டிக்குப் பின்னால் சேம்பிலை வந்தது. அவருடையதோடு சேர்த்துப் பதினொரு டப்பாக்கள் அதில் நிரம்பின. ராசம்மாளுடைய டப்பாவும், எங்கள் வீட்டில் அப்பாவுடைய டப்பாவும் அந்தப் பதினொன்றில் அடக்கம்.

ஐந்து நாள் கழித்து மிக்கேல் ஒரு சீட்டோடு வந்தார். பதினொரு நம்பர்களைப் படித்து, "டாக்டர் கூப்பிடுறாரு, எல்லாரும் வாங்க" என்றார். ஆஸ்பத்திரி வராந்தாவில் பதினொரு பேரும் நின்றார்கள். டாக்டர் மேசைமேல் ஒரு தாளை விரித்திருந்தார். அதில் பதினொரு நீலத் திட்டுகள் இருந்தன.

"ஒரே லயம். பதினொண்ணு பேர். ஒருத்தருக்கும் புழு இல்லா. எல்லார்க்கும் ரத்தம்" என்றார் டாக்டர். "இது எப்படி?"

டாக்டர் வரிசையில் ஒவ்வொருவர் முன்னாலும் வந்து நின்றார்.

"சத்தியம் சொல்லணும். எறச்சி தின்னோ?"

"தின்னோம் சார்" என்றாள் ஜானகியம்மாள் முதலில். பிறகு எல்லோரும் சொன்னார்கள்.

டாக்டர் பெரிய மூச்சு விட்டார். ஆனாலும் அவருக்கு முழுத் திருப்தியில்லை. சிலுவைராஜ் என்கிற இருபத்திரண்டு வயதுப் பையனும் அதே லயம்தான், அவன் டப்பாவில் புழுவும் இல்லை, நீலமும் வரவில்லை, அது எப்படி என்று கேட்டார். மிக்கேல்தான் பதில் சொன்னார்: "அவன் வேதக்காரன் டாக்டர். இது தவக்காலம், எறச்சி தொட மாட்டான்." அந்தப் பதில் கணக்காகப் பொருந்திவிட்டது. உண்மையில் சிலுவைராஜ் போடியிலிருந்து வந்து சில மாதமே ஆகியிருந்தது. லயத்தின் வழக்கம் தெரியாமல் தன்னுடையதையே கொடுத்துவிட்டான்.

"நாலு நாள் எறச்சி வேண்டா. வெள்ளிக்கிழமை ரண்டாவதும் டப்பா கொண்டு வரணும்" என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். வெளியே வரும்போது மிக்கேல் தாழ்ந்த குரலில், "அடுத்தவனோடத அள்ளிக் கொண்டு வந்தது தெரிஞ்சா சார்ஜ் சீட்டு. போன வருசம் கீழ் டிவிசன்ல ரெண்டு பேருக்கு என்ன ஆச்சுன்னு தெரியுமில்ல?" என்றார். தெரியும். ஒருவனுக்கு ஒரு வாரம் வேலை இல்லை. இன்னொருவன் டெம்பரவரி. அவனை அனுப்பியே விட்டார்கள்.

அன்று சாயங்காலம் தொட்டிக்கரையில் எல்லோரும் கூடினார்கள். முதலில் சிரிப்புத்தான்.

"மாமா, ஒரு ஆட்டுல நீங்க மட்டும் எத்தன பங்கு தின்னீக? பதினொரு டப்பா நீலமாப் போச்சே" என்றான் சிலுவைராஜ்.

"ஏலே, நீ வாய மூடு. நீ சும்மா இருந்திருந்தா இந்தக் கேள்வியே வந்திருக்காது."

பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. இந்தத் தடவை என்ன செய்வது? அவரவருடையதைக் கொடுத்தால் பாதிப்பேருக்குப் புழு வரும். போன வாரம் புழு இல்லாதவனுக்கு இந்த வாரம் புழு எப்படி வந்தது என்று டாக்டர் கேட்பார். பெரியமுத்துவுடையதையே கொடுத்து மறுபடி நீலம் வந்தால் பதினொரு பேரையும் கோட்டயத்துக்கு அனுப்புவார்கள், அங்கே உண்மை தெரிந்துவிடும். கடைசியில் ஒருவர் சிலுவைராஜைக் காட்டினார். அவனுடையதில் புழுவும் இல்லை, நீலமும் இல்லை.

"என்னோடதா?" என்று அவன் வெட்கப்பட்டான்.

"நாளையிலருந்து நீதான்டா எங்க தெய்வம்" என்றார்கள்.

பெரியமுத்து குழாயின் வாயில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டிருந்தார். ஜானகியம்மாள் அவரைப் பார்த்து, "அண்ணே, உங்க டப்பாவுலயும் சிலுவைராஜோடதுதான்" என்றாள்.

"என்னோடத நான் குடுத்துக்கிடுதேன் தாயி. எனக்குத்தான் புழு கிடையாதே."

"அதில்லண்ணே. உங்களோடது மட்டும் மறுபடி நீலமா வந்துச்சுன்னா? பத்துப் பேருக்கு இல்ல, உங்களுக்கு மட்டும் இருக்கு. அப்போ மொதத் தடவ பதினொன்னும் எப்படி நீலமாச்சுன்னு அந்த டாக்டரு யோசிக்க மாட்டாரா? படிச்ச மனுசன். ஒரு நிமிசத்துல புடிச்சிருவாரு."

அவர் தலையை ஆட்டினார். சரி என்றும் இல்லை, மாட்டேன் என்றும் இல்லை.

வீட்டில் ராசம்மாள் விடவில்லை. சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்.

"அந்தப் பதினொரு நீலமும் உங்களோடதுதான?"

"கிடா எறச்சிடி அது."

"நானுந்தான் தின்னேன். நீங்க தின்னது ரெண்டு துண்டு. அந்த ரெண்டு துண்டுக்கு அம்புட்டு நீலமா? டாக்டரு என்ன சொன்னாரு? வலி இருக்காது, ஒன்னும் இருக்காதுன்னு சொன்னாரா இல்லையா? உங்களோடத மட்டும் குடுங்க. வந்தது வரட்டும்."

"பத்துப் பேரு இருக்காகடி."

"நான் ஒருத்தி இருக்கேன்ல?"

அவர் சாப்பிட்டு முடித்துக் கை கழுவினார். "சரி, என்னோடதையே குடுக்கேன்" என்றார்.

வெள்ளிக்கிழமை காலை, சொன்னபடியே தன்னுடையதைத் தன் டப்பாவில் போட்டு மூடியதை ராசம்மாள் பார்த்தாள். அவள் மனசு ஆறி, கூடையை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனாள். அவர் டப்பாவோடு ஆஸ்பத்திரிப் பாதையில் இறங்கினார். பாதை வளைவில் ஜானகியம்மாள் ஒரு சேம்பிலையோடு நின்றிருந்தாள். இடுப்பில் சின்னப்பிள்ளை.

அதற்கப்புறம் நடந்ததை ஜானகியம்மாளே பின்னால் எங்கள் வீட்டில் உட்கார்ந்து சொன்னாள். அவள் சொன்னதைத்தான் எழுதுகிறேன்.

"அண்ணே, டப்பாவுல யாரோடது?" என்று கேட்டாளாம்.

அவர் டப்பாவை மறு கைக்கு மாற்றிக்கொண்டாராம்.

"அண்ணே, ஆறு வருசம் நின்னுட்டேன். இன்னும் ஒரு மாசம். என் பேரு வந்துரும். நீங்க நல்லா இருக்கீக. கல்லு மாதிரி இருக்கீக. உங்களுக்கு ஒன்னும் இல்லண்ணே, அது எறச்சிதான். இந்த ஒரு தடவ மட்டும்." அவள் அழவில்லையாம். அழுதிருந்தால் அவர் திட்டிவிட்டுப் போயிருப்பார் என்று சொன்னாள். பிள்ளை மட்டும் அவருடைய செருப்பைப் பார்த்து, "டப்பு டப்பு" என்று கையைத் தட்டியது.

அவர் டப்பாவைத் திறந்தார். ஒரு குச்சியை ஒடித்து, உள்ளே இருந்ததைத் தேயிலைச் செடிக்கு அடியில் தள்ளினார். கால்வாய்த் தண்ணீரில் டப்பாவை அலசினார். சேம்பிலையிலிருந்து எடுத்துப் போட்டு மூடினார். "போ தாயி, முன்னாடி போ. ரெண்டு பேரும் சேர்ந்து போக வேண்டாம்" என்றார்.

இரண்டாவது சோதனையில் பதினொரு டப்பாக்களிலும் நீலம் வரவில்லை. முதல் சோதனை இறைச்சியால் வந்த பிழை என்று டாக்டர் பெரிய ரெஜிஸ்டரில் எழுதிவிட்டார். சித்திரைக் கடைசியில் ஜானகியம்மாளின் பேர் நிரந்தரப் பட்டியலில் வந்தது. மற்ற மூன்று பேருக்கும் வந்தது. அவள் எல்லா வீட்டுக்கும் வெல்லம் கொடுத்தாள். ராசம்மாளும் வாங்கிக்கொண்டாள். புருஷனுடைய டப்பாவில் நீலம் வரவில்லை என்று அவள் மாரியம்மனுக்கு ஒரு தேங்காயும் உடைத்தாள்.

1975 பங்குனியிலும் டப்பா வந்தது. டாக்டர் அந்த வருடமும் ரத்தம் பார்த்தார். ஆனால் தொட்டிக்குப் பின்னால் இப்போது சிலுவைராஜின் சேம்பிலை. ராசம்மாள் இல்லாத நேரம் பார்த்துப் பெரியமுத்துவும் அதிலிருந்தே எடுத்தார். போன வருடம் சுத்தம் என்று எழுதிய டாக்டரிடம் இந்த வருடம் நீலம் காட்ட அவருக்குத் துணிவு வரவில்லை என்று நினைக்கிறேன். ஒருவேளை அவருக்கே பயமாக இருந்திருக்கலாம். எனக்குத் தெரியவில்லை. ராசம்மாள் கேட்டதற்கு, "என்னோடதுதான்டி" என்றாராம்.

அந்த வருட மழையில் அவர் உடம்பு இறங்கத் தொடங்கியது. மேட்டில் ஏறும்போது நடுவில் நின்று மூச்சு வாங்குவார். கவ்வாத்தில் எப்போதும் முதல் ஆளாக வரிசையை முடிப்பவர் கடைசி ஆளானார். முகம் வெளுத்தது. "ஏ மாமா, செருப்பு கனக்குதோ?" என்று சிலுவைராஜ் கேலி செய்தான். அவர் வீட்டுக்கு வந்து கண்ணாடியில் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். அம்மாவின் கண் அப்படித்தான் இருந்தது என்று ராசம்மாளிடம் சொன்னார்.

"எனக்கும் புழு ஏறிட்டுப் போலருக்கு. செருப்புல எங்கயாவது ஓட்ட இருக்கான்னு பாரு."

அவள் செருப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஓட்டை இல்லை. அவர் தானாகவே போய்ப் புழு மருந்து வாங்கிக் குடித்தார், இருபது வருடமாக லயத்தையே காப்பாற்றியவர். ஒரு நாள் படுத்துக் கிடந்தார். ஒன்றும் மாறவில்லை.

1976 தை மாதம், பனி வெள்ளையாகக் கிடந்த ஒரு காலையில், கத்தி கையில் இருக்கும்போதே செடிகளுக்கு நடுவில் விழுந்தார். நான்கு பேர் சாக்கில் படுக்க வைத்துத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். இடது பக்கம் கீழே கையை வைத்தவர், வெகுநேரம் எடுக்கவில்லை. அப்புறம் மேலே, ஈரல் பக்கம். பிறகு எழுந்து போய் ரெஜிஸ்டரைக் கொண்டு வந்தார். பெரியமுத்துவின் நம்பர் 214. அதை விரலால் தேடிப் பிடித்தார்.

"ரண்டு வர்ஷம் முன்னால் நீலம் உண்டாயிருந்து. அப்புறம் இல்லா. போன வர்ஷமும் இல்லா" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். "இது எனக்கு மனசிலாகுல்லா. இவ்வளவு பெரிய கட்டி. ரத்தம் இல்லாம எப்படி?"

ராசம்மாள் கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். பதினொரு டப்பாக் கதையையும் சொல்லிவிட்டாள். "பதினொரு டப்பாவும் இவரோடதுதான் சார். மொதத் தடவ எல்லாம் இவரோடதுதான். ஆனா ரெண்டாவது தடவ இவரோடத தனியாத்தான் குடுத்தாரு. நான் என் கண்ணால பாத்தேன்."

கட்டிலில் கிடந்த பெரியமுத்து கண்ணை மூடிக்கொண்டே, "இல்லடி" என்றார்.

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"வழியில கொட்டிட்டேன். ரெண்டாவது தடவயும், போன வருசமும் அந்தச் சிலுவைராஜுப் பயலோடதுதான்."

டாக்டர் கோபப்படுவார் என்று வாசலில் நின்றவர்கள் பயந்தார்கள். அவர் கோபப்படவில்லை. மிக்கேலைப் பார்த்தார். மிக்கேல் தரையைப் பார்த்தார். வழக்கம் மிக்கேலுக்குத் தெரியாமல் இருந்திருக்காது. டாக்டர் ரெஜிஸ்டரில் 1974ஆம் வருடப் பக்கத்தை மறுபடி எடுத்து, தான் எழுதிய 'பிழை' என்ற சொல்லின்மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "பதினொண்ணு பேருக்கு ஒரே மாதிரி வரும்போழ் நான் சந்தேகப்பட்டிருக்கணும்" என்றார். "ஒரு ஆளுக்கு மட்டும் வந்திருந்தா அன்னைக்கே அனுப்பியிருப்பேன்."

"அன்னைக்கு அனுப்பியிருந்தா?" என்று ராசம்மாள் கேட்டாள்.

டாக்டர் ரெஜிஸ்டரை மூடினார். அவள் மறுபடி கேட்டாள். மூன்றாவது முறை கேட்டபோது, "மிக்கவாறும், அநேகமா பிழைச்சிருப்பார் அம்மா" என்றார். அந்த ஒரு வாக்கியத்தை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள். கேட்டவளுக்கு உண்மையைச் சொன்னார் என்றுதான் நான் நினைக்கிறேன். உண்மைக்கு அப்போது எந்த உபயோகமும் இல்லை, அது வேறு விஷயம்.

கோட்டயத்தில் வயிற்றைத் திறந்து பார்த்து மூடிவிட்டார்கள். கட்டி ஈரலுக்குப் பரவியிருந்தது. பன்னிரண்டு நாளில் திருப்பி அனுப்பினார்கள்.

அதன்பிறகு ஐந்து மாதம் அவர் நான்காவது வீட்டில் கிடந்தார். லயத்தில் எல்லோரும் அந்த வீட்டுக்கு ஏதாவது கொண்டு போனார்கள். சுள்ளி, கருப்பட்டி, மாட்டுப்பட்டியிலிருந்து வாங்கி வந்த பால். ஆனால் யாரும் உள்ளே உட்காரவில்லை. வாசலில் வைத்துவிட்டு, "மாமா எப்படி இருக்காரு?" என்று ராசம்மாளிடம் கேட்பார்கள். "இருக்காரு" என்பாள். என் அப்பாவும் அப்படித்தான் போய் வந்தார். தண்ணீர்க் குழாய் இரண்டு முறை அடைத்தது. யாருக்கும் சரிசெய்யத் தெரியவில்லை. அவரிடம் கேட்கவும் யாருக்கும் முகமில்லை. பெண்கள் குடத்தோடு ஓடைக்குப் போனார்கள்.

ஜானகியம்மாள் மட்டும் ஒருநாள் உள்ளே போனாள். கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அவர் முகத்தைப் பார்க்க முடியாமல், கட்டிலின் கீழே கிடந்த செருப்புகளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"பேரு நெரந்தரமாயிட்டில்ல?" என்று அவர் கேட்டார்.

"ஆயிட்டுண்ணே. ரெண்டு வருசமாச்சு."

"ம். வீடு?"

"வீடும் என் பேருல எழுதிட்டாக."

"சரி" என்றார். பிறகு, "சின்னவன் பள்ளிக்கூடம் போறானா?" என்றார்.

"போறான்ணே."

"வெறுங்கால்லயா?"

அவள் எழுந்தாள். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். அவள் வெளியே வரும்போது ராசம்மாள் வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. இன்றுவரை பேசிக்கொள்வதும் இல்லை. ஒரே கூரை, ஒரே தொட்டி.

ஆடி மாதம், காற்றும் மழையுமான ஒரு மத்தியானத்தில் பெரியமுத்து இறந்தார். வயது ஐம்பது. பதினொரு டப்பாக்காரர்களில் உயிரோடு இருந்த பத்துப் பேரில் எட்டுப் பேர் பாடையோடு போனார்கள். மற்ற இருவர் ராசம்மாளும் ஜானகியம்மாளும். பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை.

அவர் செத்த அந்த வருடக் கடைசியில் டாக்டரும் வேறு ஊருக்குப் போய்விட்டார். போகும் முன்பு ஒவ்வொரு லயத்திலும் நின்று, அவரவருடையதை அவரவர் கொடுக்கும்படியும், தான் கம்பெனியிடம் பேசிவிட்டதால் வழக்கு ஒன்றும் வராது என்றும் சொன்னார். நீலம் காட்டும் மருந்து அவர் சொந்தமாக வாங்கிக்கொண்டு வந்தது. அதற்குப்பின் வந்தவர் ரத்தம் பார்ப்பதில்லை. பழையபடி புழு மட்டும்தான்.

இது 1977 பங்குனி. நான் பத்தாம் வகுப்பு முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறேன். நேற்று மிக்கேல் வந்து டப்பாக்கள் கொடுத்துவிட்டுப் போனார். பட்டியலில் பேரை யாரும் வெட்டாததால் 214ஆம் நம்பர் டப்பாவும் வந்திருந்தது. "அவரு இல்லையே" என்று அப்பா அதைத் திருப்பிக் கொடுக்கப் பார்த்தார். ராசம்மாள் வந்து வாங்கிக்கொண்டாள். "இருக்கட்டும், அவரு நம்பரு" என்றாள். இன்று காலை பார்த்தேன். அவள் தன்னுடைய டப்பாவைத் தனியாக எடுத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல், ஆஸ்பத்திரிப் பாதையில் முதல் ஆளாகப் போய்க்கொண்டிருந்தாள். 214 அவள் வீட்டு ஜன்னலில் காலியாக இருந்தது.

தொட்டிக்குப் பின்னால் சிலுவைராஜ் கூச்சத்தோடு நின்றுகொண்டிருந்தான். இந்த வருடம் வேண்டாம் என்று அவன் இரண்டு முறை சொல்லிப் பார்த்தான். "ஒரு நாள் பேரு போயிருமேடா" என்றார்கள். ஜானகியம்மாள் வரவில்லை. மற்றவர்கள் வந்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. எட்டுப் பேர் வரிசையில் நின்றார்கள், எட்டாவது ஆள் என் அப்பா.